நாற்பத்தேழாவது கட்டம்

"கடைசியா எதைச் சேத்தீங்க? அதை மட்டும் எடுத்துட்டுச் சேமிச்சுப் பாருங்க."

ஆறு வருடம் நான் கேட்ட வாக்கியம் இது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்குக் குறையாது. சங்கரன்கோவிலில், திருவேங்கடம் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் முன்பக்கம் என் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ என்று போர்டில் எழுதியிருக்கும். பின்பக்கம் அந்த வாக்கியத்துக்குச் சொந்தக்காரர் அறை. இரண்டுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தட்டி. அது கூரை வரைக்கும் போகாது. அவர் தும்மினால் இங்கிருந்தே நான் 'நூறு' சொல்லலாம். ஆளைப் பார்த்ததைவிடக் குரலைக் கேட்டதுதான் அதிகம்.

அவருக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. ஜவுளிக்கடைக்காரர், கல்யாண மண்டபக்காரர், நர்சரிப் பள்ளி நடத்துகிறவர் எல்லாம் இப்போது தங்கள் வெப்சைட்டைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். படம் ஒரு பெட்டி, எழுத்து ஒரு பெட்டி என்று இழுத்து இழுத்து வைத்தால் பக்கம் தயார். கடைசியில் 'சேமி' என்கிற பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கும்போதுதான் சனியன் பிடிக்கும். மேலே சிவப்பாக ஒரு பட்டை வந்து 'சர்வர் எரர்' என்று நிற்கும். அரைநாள் வேலை அந்தரத்தில் தொங்கும். உடனே வெப்சைட் கம்பெனிக்குப் போன் போடுவார்கள். கம்பெனி சென்னையில் இருந்தது. கம்பெனியின் காது மட்டும் என் தட்டிக்குப் பின்னால் இருந்தது.

மறுமுனையில் ஆட்கள் அழுவார்கள், திட்டுவார்கள். எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: நான் ஒன்றுமே செய்யவில்லையே. அவர் அதை மறுத்துப் பேச மாட்டார். நீங்கள் செய்யவில்லை, சரி. பக்கத்தில் புதிதாக எது வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள் என்பார். அடுத்தது, எதையும் எடுப்பதற்கு முன்னால் முழுப் பக்கத்துக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்வார். பிறகு ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வார். இரண்டை ஒன்றாக எடுக்க விடமாட்டார். எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும் என்பார்.

எடுத்துப் பார்த்தும் எரர் நிற்கவில்லை என்றால், எடுத்ததைத் திரும்ப வைக்கச் சொல்வார். இதில்தான் மனிதர் படு கறார். மறுமுனைக்காரர் அவசரத்தில் அடுத்ததற்குப் போய்விடுவார். இவர் விடமாட்டார். "அது மேல குத்தம் இல்லேன்னு தெரிஞ்சு போச்சுல்ல? இருந்த எடத்துலயே வச்சிருங்க. வச்சுட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்." வைக்கும் வரை காத்திருப்பார். எல்லாம் சரியாகிப் பச்சைப் பட்டை வந்த பிறகும் போனை வைக்க மாட்டார். மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள், இருக்கிறதா என்பார். இருக்கிறது என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் போனை வைப்பார்.

இப்படி ஒரு மனிதரா என்று எனக்கு ஆரம்பத்தில் எரிச்சல்தான். நான் படபடவென்று பேசுகிறவள். ஒரு விண்ணப்பம் ஏறவில்லை என்றால் மவுஸைத் தட்டித் தட்டியே உடைத்தவள்.

ஒரு ஆடித்தபசு சமயம். பக்கத்து ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் தள்ளுபடி அறிவிப்புப் பக்கம் சேமிக்க மறுத்துவிட்டது. மறுமுனையில் கடை மேனேஜர். இவர் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். சேலைப் படங்களை எடுத்தாயிற்று, வைத்தாயிற்று. விலைப் பட்டியலை எடுத்தாயிற்று, வைத்தாயிற்று. கடைசியில் மேலே கைகூப்பி நிற்கிற முதலாளி படம் மட்டும்தான் பாக்கி. "மொதலாளியை எடுங்க" என்றார் இவர். மேனேஜர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேண்டுமானால் சேலைகளை மொத்தமாக எடுத்துவிடுகிறேன், முதலாளியை எடுத்தேன் என்று தெரிந்தால் என்னை எடுத்துவிடுவார் என்று அழாக்குறையாகச் சொன்னார். இவர் அரைமணி நேரம் சமாதானப்படுத்தி எடுக்க வைத்தார். எடுத்ததும் பக்கம் பச்சையானது. பஸ் ஸ்டாண்டு முனையில் இருபதடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கச் செய்த படத்தை அப்படியே கொண்டுவந்து வெப்சைட்டில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கனத்தை சர்வர் எப்படித் தாங்கும்? இவர் அதைச் சுருக்கிக் கொடுத்து, முதலாளியை இருந்த இடத்திலேயே நிற்க வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் சிரித்த சத்தம் வரவில்லை.

அவர் உடம்புக்கும் இதே வைத்தியம்தான். ஒரு தடவை வயிற்றுவலி வந்தது. டாக்டரிடம் போகவில்லை. ஒரு வாரம் டீயை நிறுத்தினார். வலி நிற்கவில்லை. அடுத்த வாரம் டீயைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு வடையை நிறுத்தினார். அதற்கடுத்த வாரம் வடை வந்தது, மெஸ் சாம்பார் போனது. ஆறாவது வாரம் ஊறுகாயில் வந்து பிடித்தார். ஊறுகாய் போட்டவளே ஒத்துக்கொள்ளாத குற்றத்தை ஆறு வாரத்தில் நிரூபித்துவிட்டீர்களே அண்ணாச்சி என்று நான் கேலி செய்தேன். டீயும் வடையும் சும்மா பழி சுமந்ததே என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். என்ன அண்ணாச்சி இது, பேரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் தங்கச்சி என்று சொல்லுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். சரிங்க மேடம் என்பார். வீட்டில் யாரெல்லாம் என்று ஒரு முறை கேட்டேன். நான் மட்டும்தான் என்றார். அதற்கு மேல் கேட்கவிடாத குரல் அது.

ஒரே ஒரு பழக்கம்தான் எனக்குக் கணக்கில் வராமல் இருந்தது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்குவார். நாலேகாலுக்குக் குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களைச் சுற்றிவிட்டு ஒரு டவுன் பஸ் வந்து எதிர்ச் சாரியில் நிற்கும். இவர் போய்க் கண்டக்டரிடம் ஏதோ கேட்பார். கண்டக்டர் ஏதோ சொல்வார். இவர் தலையை ஆட்டிவிட்டு மேலே வந்துவிடுவார். ஏறினதும் இல்லை, யாரையும் ஏற்றிவிட்டதும் இல்லை. ஒரு நாள் டீ வாங்கப் போகிற சாக்கில் பின்னாலேயே போய் நின்றேன்.

"அங்கன மழை உண்டா?"

"இல்ல அண்ணாச்சி. ஒரு தூத்தல்கூட இல்ல."

அவ்வளவுதான் பேச்சு. ஆறு வருடமும் தினமும் அதுதான் பேச்சு. மானாவாரிக் காடு வைத்திருக்கிறவன் மழை கேட்பான். இவருக்குக் காடு ஏது? பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊருக்கு ஒரு நாள் ஏறிப் போய் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதானே என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பதில் ஆறாவது வருடத்து மாசி மாதத்தில் என் கடைக்கே நடந்து வந்தது. வெள்ளை வேட்டியில் இரண்டு பேர், அந்த டவுன் பஸ் வருகிற ஊர்க்காரர்கள். ஒருவர் அறுபத்தைந்து வயதுப் பெரியவர், கொடைக் கமிட்டித் தலைவர். இன்னொருவர் கையில் நீள நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார். அவர்களுடைய குலசாமி கோயிலுக்குப் பங்குனியில் கொடைத் திருவிழா. பங்காளிகள் துபாய், பம்பாய், திருப்பூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். எல்லாரும் பார்க்கிற மாதிரி கோயிலுக்கு ஒரு வெப்சைட் வேண்டும், அதில் எல்லாத் தலைக்கட்டும், அதாவது குடும்பத் தலைவர் ஒருவர் விடாமல், வரிசையாக வர வேண்டும். அந்த வரிசைதான் கொடையன்று பொங்கல் பானை வைக்கிற வரிசை. நோட்டில் பேர் இருந்தால்தான் பானைக்கு இடம்.

பின்னாலேயே ஆள் இருக்கிறார், உள்ளே போங்கள் என்றேன். பெரியவர் அசையவில்லை. என் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நீயே கேட்டுச் சொல்லு தாயி. அவன்கிட்ட எங்களுக்குப் பேச்சு கெடையாது."

தட்டிக்கு அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றிருந்தது.

எனக்கு விளங்க ஐந்து நிமிடம் பிடித்தது. பெரியவர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்தச் சித்தப்பா. இவர் பத்து வருடத்துக்கு முன்னால் சென்னையில் வேலை பார்த்த இடத்தில் வேற ஆட்கள் வீட்டுப் பெண்ணைக் கல்யாணம் முடித்திருக்கிறார். ஊர்க்கூட்டம் கூடித் தலைக்கட்டு நோட்டில் பேரை அடித்துவிட்டது. பேர் அடிபட்டவனிடம் பங்காளி யாரும் பேசக்கூடாது. பேசினால் அவன் பேரும் போகும். ஆனால் இந்த வேலை தெரிந்த ஆள் வேறு யாரும் அவர்களுக்கு அகப்படவில்லை. அகப்பட்டாலும், எந்தப் பேருக்கு எந்தப் போட்டோ என்று இவருக்குத்தானே தெரியும்.

வேலை எத்தனை நாளாகும் என்று பெரியவர் என்னிடம் கேட்டார். கால்நாட்டுக்கு முன்னாடி ஏத்திருவேன்னு சொல்லுங்க மேடம் என்று தட்டிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. நான் அதைத் திரும்பச் சொன்னேன். கொடைக்குப் பந்தக்கால் நடுகிற நாள்தான் கால்நாட்டு. போட்டோ எல்லாம் யார் கொடுப்பார்கள் என்று தட்டி கேட்டது. வாட்ஸப்பில் வரும் என்று சொல்லு என்றார் பெரியவர். ஒருவருக்கொருவர் நாலடி தூரம். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது.

"நான் என்னய்யா, மைக் செட்டா?" என்று கேட்டேவிட்டேன்.

பெரியவர் கோபப்படவில்லை. கட்டுப்பாடு தாயி என்றார். கொஞ்ச நேரம் துண்டை மடித்து மடித்து விரித்தார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, ஆனால் தட்டிக்குக் கேட்கிற குரலில் சொன்னார்.

"இந்த வேலையை முடிச்சுக் குடுக்கட்டும். கால்நாட்டு அன்னைக்குக் கூட்டத்துல நானே எடுத்துப் பேசுதேன். இந்தக் கொடைக்கு அவன் பானை வைக்க வழி பண்ணுதேன். சொல்லிரு."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

நோட்டு என் மேஜையில் கிடந்தது. நான் வேகமாகத் தமிழ் அடிப்பேன் என்பதால் நானே அடித்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். அவர் முதல் தடவையாகத் தட்டியைத் தாண்டி வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நூற்றுப் பன்னிரண்டு தலைக்கட்டு. ஒவ்வொரு பேரையும் அவர் நோட்டைப் பார்க்காமலே சொன்னார். இவர் புளியமரத்தில் இருந்து விழுந்து கால் ஒடிந்தவர், இவர் வீட்டு நாய் என்னை மட்டும் கடிக்காது, இவர் மகள் என்னோடு ஐந்தாவது படித்தாள். ஆறு வருடத்தில் என்னிடம் பேசாததை எல்லாம் அந்த மூன்று நாளில் பேசினார்.

நாற்பத்தாறாவது பேர் அவருடைய சொந்த அண்ணன். அடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"என் வீட்டுக்காரி செத்தப்ப இவன் மட்டும் ஊருக்குத் தெரியாம ரயில் ஏறி வந்தான். தாம்பரம் வரைக்கும் வந்துட்டான். அங்கன எறங்கி எனக்குப் போன் போட்டு, பயமா இருக்குடா தம்பின்னு சொல்லிட்டு அடுத்த வண்டியில திரும்பிப் போயிட்டான்."

மனைவி இறந்துபோன செய்தியையே நான் அப்போதுதான் கேட்கிறேன். ஆறு வருடமாகத் தட்டிக்குப் பின்னால் ஒரு சாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். துக்கம் கேட்க ஒரு ஆள் வரவில்லை. என் வீடு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஒரு பொங்கலுக்கு, ஒரு தீபாவளிக்கு, வாருங்கள் அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று நான் கூப்பிட்டதில்லை. வாய் ஓயாமல் பேசுகிற எனக்கு அந்த ஒரு பேச்சு வரவில்லையே என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது நாற்பத்தேழு. நோட்டில் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. கீழே நாற்பத்தெட்டு என்று தொடர்ந்தது. என்ன செய்ய என்று கேட்டேன். கட்டத்தை மட்டும் போடுங்கள், பேர் வேண்டாம், அவர்கள் சொல்லட்டும் என்றார்.

எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றி, படங்களை ஒட்டி, 'சேமி'யை அமுக்கினார். சிவப்புப் பட்டை. சர்வர் எரர். திரும்ப அமுக்கினார். திரும்பவும் அதே.

எனக்குத்தான் அவர் வைத்தியம் மனப்பாடம் ஆயிற்றே. பாதிப் பேரை எடுத்துவிட்டுச் சேமித்துப் பாருங்கள் அண்ணாச்சி, எந்தப் பாதியில் கோளாறு என்று தெரிந்துவிடும் என்றேன். அவர் மவுஸில் இருந்து கையை எடுத்துவிட்டார்.

"இதுல வேண்டாம்."

"ஏன்? நகல்தான் இருக்குல்லா? நகல்ல எடுத்துப் பாருங்க."

"நகல்னாலும் ஆளு ஆளுதான மேடம். என் பேரையும் ஒரு கொடைக்கு மட்டும்னு சொல்லித்தான் எடுத்தாவ. எடுக்கது லேசு. திரும்ப வைக்கத்தான் யாரும் வரல."

நான் நோட்டை மூடி வைத்தேன்.

அன்றிலிருந்து இரண்டு நாள் அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஒரு பேரைக்கூடத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் சோதித்தார். படங்களைச் சுருக்கினார். எழுத்துருவை மாற்றினார். வெப்சைட்டில் கூடுதலாகச் சேர்த்திருந்த வசதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, சேமித்துப் பார்த்து, திரும்ப இயக்கினார். சர்வர் எழுதி வைக்கிற பதிவுகளை வரி வரியாகப் படித்தார். சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டு, அந்தப் பக்கம் பாட்டு ஓடுவதைக் கேட்டுக்கொண்டு, மற்றவர்கள் அவருக்காகக் காத்திருக்கிற மாதிரி அவர் காத்திருந்தார். பெரியவர் காலையும் மாலையும் என் போனில் கூப்பிட்டு, இன்னும் ஏறவில்லையா தாயி, கால்நாட்டு நெருங்கிவிட்டதே என்று கேட்டார். கம்பெனி வேலைக்கு அவர் லீவு சொல்லியிருந்தார். அந்த இரண்டு நாளும் நாலு மணிக்குக் கீழே இறங்கவில்லை. அங்கே மழை பெய்திருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

கால்நாட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

விஷயம் சின்னது. ஒரு தடவை சேமிக்கும்போது இத்தனை கட்டத்துக்கு மேல் வாங்குவதில்லை என்று சர்வரில் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். தலைக்கட்டு ஒன்றுக்குப் பேர், தகப்பனார் பேர், ஊர், போன், படம், அதன் அளவு, நிறம் என்று பத்துக் கட்டம் போட்டால் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. ஒரு எண்ணை மாற்றினார். சேமித்தார். பச்சை.

"யார் மேலயும் குத்தம் இல்ல மேடம். எடம்தான் கொஞ்சம் கூட வேண்டியிருந்திருக்கு."

மூடினார். மறுபடி திறந்தார். நூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். நாற்பத்தாறுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் ஒரு வெறும் கட்டம் இருந்தது.

மறுநாள் அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு வெண்கலப் பானை, புதிது. கீழ்ரத வீதியில் வாங்கியதாம். அதைத் தன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். பெரியவர் அவரோடு போனில் பேச முடியாது, என்னோடுதான் பேச வேண்டும். அதனால் நான் என் போனை ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கால்நாட்டு காலையில். பத்து மணிக்குக் கூட்டம். பன்னிரண்டாயிற்று. ஒரு மணிக்கு அவர் சாப்பிடப் போகவில்லை, நானும் போகவில்லை. யாரோ வந்து ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள், போனைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். நாலேகாலுக்கு டவுன் பஸ் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. ஐந்து மணிக்குப் பெரியவர் கூப்பிட்டார்.

"பேச்சு எடுபடல தாயி. நாலு பேரு எந்திரிச்சுப் போயிட்டாவ. அடுத்த கொடைக்குப் பாப்போம்னு சொல்லு." கொஞ்சம் செருமிக்கொண்டார். "பெறகு, பக்கம் நல்லா இருக்குன்னு துபாய்ல இருந்தெல்லாம் சொல்லுதாவ. அந்த நாப்பத்தேழுல வெறுங்கட்டம் ஒண்ணு கெடக்காம்லா. கோயில்ல பானையை நெருக்கி வச்சிருவோம். இதுலயும் அதை எடுத்திரச் சொல்லிரு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. காலையில் இருந்து ஆசையாக நான்தான் அப்படி வைத்திருந்தேன். என் கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது. தட்டிக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே நிதானத்தில் அந்தக் குரல் வந்தது.

"எடுத்தா சேமிக்க மாட்டேங்கு, சர்வர் எரர் வருதுன்னு சொல்லுங்க மேடம்."

ஆறு வருடத்தில் அவர் சொன்ன ஒரே பொய். நான் அதை அப்படியே பெரியவரிடம் சொன்னேன். நன்றாக அழுத்திச் சொன்னேன்.

கொடை முடிந்து இரண்டாவது வாரம் அவர் அறையைக் காலி செய்துவிட்டார். நான் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு ராஜபாளையம் போயிருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் அறை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பானை மட்டும் இருந்தது. உள்ளே ஒரு தாள். கோயில் வெப்சைட்டின் பாஸ்வேர்டு, அதற்குக் கீழே ஒரு வரி: 'எதையும் எடுப்பதற்கு முன்னால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி.'

ஓசூர் என்றார் மருந்துக்கடைக்காரர். சென்னைக்கே திரும்பிவிட்டார் என்றார் வீட்டுக்காரர். அவர் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. அந்த அறையில் இன்று ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருக்கிறார். அவரும் நாள் முழுக்கப் போனில்தான் பேசுகிறார், ஆனால் நான் காது கொடுப்பதில்லை.

அவர் பேரை நான் இங்கே எழுதவில்லை. அது முதலில் எழுதப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பாஸ்வேர்டு என் கையில்தான் இருக்கிறது, நினைத்தால் ஒரு நிமிடத்தில் அடித்துவிடுவேன். அவர்கள் சொல்லட்டும் என்று அவரே விட்டுவைத்த கட்டத்தில் நான் அடித்தால் அது வேறு. அதனால் அடிக்கவில்லை.

கமிட்டியில் இருந்து ஒவ்வொரு மாசியிலும் போன் வரும். அந்த வெறும் கட்டத்தை எடுக்க முடிந்ததா என்று கேட்பார்கள். எரர் வருகிறது என்பேன். போன மாசியில் பெரியவரே கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது.

"யம்மா, அந்தக் கட்டம்..."

"இன்னும் இருக்குய்யா. எடுக்க வரல. சர்வர் எரர்."

"என் பேரன் கம்ப்யூட்டர்தான் படிக்கான். பாத்துட்டு, ரெண்டு நிமிச வேலை தாத்தாங்கான்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"'நீ சும்மா கெடலே, அது எரரு'ன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் பெரியவர்.

பிறகு அவர், அவனிடம் இருந்து ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டார். பத்து வருடத்துக்கு மேலாக வாயில் எடுக்காத பேச்சு. இல்லை என்றேன். போனை வைக்கப் போனவரிடம், என்னை அறியாமலே கேட்டேன்.

"அங்கன மழை உண்டாய்யா?"

"எங்க தாயி. மூடாக்குப் போட்டுக்கிட்டு வருது. பெய்யத்தான் மாட்டேங்கு."

போனை வைத்துவிட்டுக் கோயில் பக்கத்தைத் திறந்தேன். நாற்பத்தாறு. வெறும் கட்டம். நாற்பத்தெட்டு. மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். இருந்தது.